கள்ளனையும் ஏழையையும் ஒரே ஃபைலில போடாதேங்கோ: வழக்கு வைக்கிறவைக்கு வன்னியில இருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சட்டமா அதிபர் திணைக்களத்து அரச சட்டவாதிகளுக்கும், நீதவான் கோட்டில அரசாங்கத்துக்காக எழும்பி நிக்கிற பொலிஸ், வன, கடற்றொழில், நுகர்வோர் அதிகாரசபை உத்தியோகத்தர்மாருக்கும் வணக்கம்.

நான் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு மாதர் சங்கத்தில செயலாளரா இருக்கிறன். படிவம் நிரப்புறது, டீ.எஸ் ஒஃபிசுக்கு (பிரதேச செயலகத்துக்கு) கூட்டிக்கொண்டு போறது, தவணைக்கு கோட்டடியில போய் பக்கத்தில நிக்கிறது, இதுதான் என்ர வேலை. உதவிப்பணத்தில கள்ளம் செய்தவையை விட்டுடுங்கோ எண்டு கேக்கிறதுக்காக இதை எழுதுறன் எண்டு தயவுசெய்து நினைக்காதேங்கோ. அப்பிடி களவா எடுக்கிற ஒவ்வொரு ரூபாவும் எங்கட பக்கத்து வீட்டு ஆள் ஒருத்தருக்கு வந்திருக்க வேண்டிய காசு, அதில கோவப்படுறதுக்கு எங்களை விட உரிமை உள்ள ஆக்கள் ஆருமில்லை. நான் கேக்கிறது, ஆரை கோட்டுக்கு கொண்டு போறது, ஆரை வாசலிலயே மறிச்சு கதைச்சு திருத்தி விடுறது எண்டதை எப்பிடி முடிவெடுக்கிறியள், அதை எங்களுக்கும் விளங்குற மாதிரி எழுதி வையுங்கோ எண்டது.

வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் மாசம் மாசம் குடுக்கிற அஸ்வெசும உதவிப்பணம் 2023 யூலையில தொடங்கினது. 2002ஆம் ஆண்டு 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்துக்கு கீழதான் அது நடக்குது. கல்வி, சுகாதாரம், வருமானம், சொத்து, வீடு, குடும்ப நிலைமை எண்டு 22 குறிகாட்டி வச்சு புள்ளி போட்டு பிரிக்கினம், மிக வறிய குடும்பத்துக்கு முதல் 15,000 குடுத்தது 2025 தொடக்கத்தில இருந்து 17,500, வறிய குடும்பத்துக்கு 8,500 இருந்தது 10,000. கொழும்பில இருந்து பாக்கிறவைக்கு இந்த 22 கேள்வியும் நல்ல தெளிவா இருக்கும். வன்னிக்குள்ள ஒரு வீட்டு படலையைத் திறந்து உள்ள வந்து கேட்டுப் பாருங்கோ, ஒவ்வொரு கேள்விக்கும் ரெண்டு மூண்டு பதில் வரும், எல்லாமே உண்மையான பதிலா இருக்கும்.

வீடு என்ன வீடு எண்டு கேப்பினம். இந்திய வீட்டுத்திட்டத்தில 550,000 ரூபா குடுத்து கட்டச்சொன்ன கல்வீடு, அந்த காசு காணாமல் நகையை வங்கியில வச்சு வட்டிக்கும் வாங்கி கட்டி முடிச்ச வீடு, வெளியில இருந்து பாத்தா சீமெந்துச் சுவரும் ஓடும் நல்லாத்தான் தெரியும், உள்ள அடுப்பில என்ன இருக்கு எண்டதை சுவர் சொல்லாது. காணி இருக்கோ எண்டு கேப்பினம். அப்பாவின்ர பேரில அனுமதிப்பத்திரம் இருக்கு, ஆனா 2009க்கு பிறகு திரும்பி வந்து பாத்தா வன இலாகா எல்லைக்கல்லு போட்டிருக்கு, உள்ள இறங்கி ஒரு கத்தி போட்டாலே வழக்கு. இந்த மனிசிக்கு காணி இருக்கெண்டு எழுதுறதோ இல்லையெண்டு எழுதுறதோ? மோட்டச்சைக்கிள் ஆற்ற பேரில எண்டு கேப்பினம். தம்பி லீசிங்கில எடுக்கேக்க அவனுக்கு பே சீற் (சம்பளத் துண்டு) இல்லாததால அக்கா பேரில எடுத்தது, ஓடுறது அவன், கட்டுறதும் அவன்.

எல்லாத்தையும் விட கடும் கேள்வி கணவன் எங்க எண்டது. எங்கட கிராமங்களில 2009 மே மாசத்தோட ஆளைக் காணேல்ல எண்டு இண்டைக்கும் தேடுற பெண்கள் இருக்கினம். அவையள் மரணச் சான்றிதழ் எடுக்க மாட்டினம், எடுக்கவும் சொல்லேலாது. அதுக்காகத்தான் 2016இல சட்டம் திருத்தி காணாமல்போனவைக்கு எண்டு தனிச் சான்றிதழ் கொண்டுவந்தது, ஆனா அதையும் கன பேர் எடுக்கேல்ல, எடுத்தா தேடுறதை விட்டுட்டம் எண்டு ஆகிடுமோ எண்டு பயம். அப்ப அந்தப் பெண் ஒரு இடத்தில "கணவர் இருக்கிறார்" எண்டும் இன்னொரு இடத்தில "இல்லை" எண்டும் குடுத்திருப்பா. ரெண்டு பேப்பரையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாக்கிற ஒருத்தருக்கு அது பொய்த் தகவல். அவவுக்கு அது பொய்யில்லை. நீங்கள் சட்டம் படிச்சனீங்கள், தெரிஞ்சுகொண்டு ஏமாத்துற எண்ணம் இருந்தால்தான் அது வஞ்சனை எண்டு தண்டனைக் கோவை 398ஆம் பிரிவே சொல்லுது எண்டதை நான் உங்களுக்கு சொல்லித்தர தேவையில்லை. அந்த எண்ணத்துக்கு என்ன ஆதாரம் ஃபைலில இருக்கு எண்டு வழக்கு வைக்க முதல் ஒருக்கா பாருங்கோ எண்டுதான் கேக்கிறன்.

அதோட தகவலை பதிஞ்சது ஆர் எண்டதையும் பாருங்கோ. கணக்கெடுக்க வந்த பிள்ளையள் போனில அடிச்சு அடிச்சு பதிஞ்சு கொண்டு போனவை, சனம் சொன்னதை முழுசா கேட்டும் பதிஞ்சிருப்பினம், வெயிலுக்க அவசரத்தில தங்களுக்கு விளங்கினதையும் பதிஞ்சிருப்பினம். அந்த பதிவை அந்த அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினவையோ, அவ ஓம் எண்டு சொன்னதுக்கு என்ன சாட்சி? மிசினில இருக்கிறதால மட்டும் அது அவவின்ர வாக்குமூலம் ஆகாது.

இந்த இடத்தில வெளிநாட்டு விசயம் ஒண்டு சொல்ல வேணும், லண்டனில சொந்தக்காரர் உள்ளவைக்கு இது தெரிஞ்சிருக்கும். அங்க தபால் நிலையம் நடத்தின சாதாரண ஆக்கள், கடை வச்சிருந்தவை, எங்கட தெற்காசிய ஆக்களும் கன பேர், காசு களவெடுத்தவை எண்டு 1999இல இருந்து 2015 வரைக்கும் நூற்றுக்கணக்கில தண்டிக்கப்பட்டவை. அதில பெரும்பங்கு வழக்கை வச்சது தபால் கொம்பனி தானே. காசு குறையுது எண்டு முறையிட்டதும் அதுதான், விசாரிச்சதும் அதுதான், வழக்கு நடத்தினதும் அதுதான், ஹொரைசன் எண்ட கொம்பியூட்டர் சொன்னதை ஆரும் கேள்வி கேக்கேல்ல. கடைசியில கொம்பியூட்டர்தான் பிழை எண்டு தெரிய வந்து 2024இல பார்லிமென்ட் ஒரு தனிச் சட்டம் போட்டு அந்த தீர்ப்புகளை இல்லாமல் செய்தது. அதுக்கிடையில மறியலுக்கு போனவை, வீடு வித்தவை, உயிரை விட்டவை எல்லாம் இருக்கினம். நெதர்லாந்திலயும் இப்பிடித்தான், பிள்ளை பராமரிப்பு உதவிப்பணத்தில கள்ளம் செய்தவை எண்டு ஆயிரக்கணக்கான தாய் தகப்பன்மாரை குற்றம்சாட்டி முழுக்காசையும் திருப்பிக் கட்டச் சொல்லி குடும்பங்களை முறிச்சுப்போட்டு, பிழை எண்டு வெளியில வந்தபிறகு 2021 ஜனவரியில அரசாங்கமே ராஜினாமா செய்தது. பெரிய நாடுகளே இப்பிடி விழுந்திருக்கு எண்டா, முறையிடுற திணைக்களமே எழும்பி நிண்டு வழக்கு நடத்துற எங்கட நீதவான் கோடுகளில எவ்வளவு கவனம் வேணும்.

ஏனெண்டா எங்களுக்கு உண்மையில நடக்கிறது இதுதான். மேல் நீதிமன்றத்தில எண்டா அரச சட்டவாதி வருவார், சட்டமா அதிபர் ஃபைலைப் பாத்து குற்றப்பத்திரம் தாக்கல் செய்வார், ஒரு படிச்ச கண் அதில பட்டிருக்கும். ஆனா எங்கட சனத்தின்ர வழக்குகள் கனக்க முடியிறது நீதவான் கோட்டில. 1979ஆம் ஆண்டு 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்ர 136ஆம் பிரிவின்படி பொலிசோ அரச உத்தியோகத்தரோ எழுத்தில அறிக்கை குடுத்தா வழக்கு தொடங்கிடும், சட்டவாதி வராட்டி அந்த உத்தியோகத்தரே நடத்தலாம். சட்டத்தில இடமிருக்கு, நான் பிழை சொல்லேல்ல. ஆனா ஆதாரம் காணுமோ, இந்த வழக்கு வைக்கிறதால ஆருக்கு நன்மை எண்டு கேக்க வேண்டிய மனிசர் அந்த இடத்தில இல்லை.

இங்கிலாந்தில முடிக்குரிய வழக்குத் தொடுநர் சேவை எண்டு ஒண்டு இருக்கு, அவைக்கு அச்சடிச்ச ஒரு கோவை இருக்கு, ஆரும் எடுத்து வாசிக்கலாம். முதல் கேள்வி, தண்டனை கிடைக்கக்கூடிய அளவுக்கு ஆதாரம் இருக்கோ. ரெண்டாவது, இருந்தாலும் இந்த வழக்கு பொதுநலனுக்கு தேவையோ. ரெண்டுக்கும் ஓம் எண்டால்தான் வழக்கு. உதவிப்பண திணைக்களத்தின்ர சொந்த வழக்கறிஞர் பிரிவையும் 2012இல இந்த சேவையோட சேத்தவை. அங்கயும் எல்லாம் சரி எண்டு நான் சொல்ல வரேல்ல, மேல சொன்ன தபால் கதையும் அதே நாடுதான். ஆனா அந்த ரெண்டு கேள்வி எழுத்தில இருக்கிறதால ஒரு சாதாரண ஆள் "என்ர விசயத்தில இதைக் கேட்டனீங்களோ" எண்டு திருப்பிக் கேக்கலாம். எங்கட கையில அப்பிடிக் கேக்கிறதுக்கு தமிழில ஒரு துண்டுப் பேப்பர் இல்லை.

பிறகு கோட்டில என்ன நடக்குது எண்டு பாருங்கோ. கொக்குத்தொடுவாயில இருந்து முல்லைத்தீவுக்கு காலமை பஸ் எடுத்து வாற ஒரு மனிசிக்கு அண்டைக்கு கூலி இல்லை, பிள்ளையை ஆரிட்டயும் விட வேணும், வந்தா "அடுத்த தவணை" எண்டுவினம். ரெண்டு மூண்டு தரம் இப்பிடி அலைஞ்சா ஆரோ ஒருத்தர் காதுக்க சொல்லுவினம், "குற்றத்தை ஒத்துக்கொள்ளு அக்கா, ஃபைனைக் கட்டிப்போட்டு போகலாம்" எண்டு. அவவும் ஒத்துக்கொள்ளுவா. செய்ததால இல்லை, அலைய ஏலாததால. அந்த ஒத்துக்கொள்ளல் அங்க முடியிறேல்ல, நாளைக்கு குவைத்துக்கோ சவூதிக்கோ வீட்டு வேலைக்கு போக பொலிஸ் கிளியரன்ஸ் எடுக்கேக்க வந்து நிக்கும், மகளுக்கு வேலை தேடேக்க ஊர் வாயில வந்து நிக்கும். அதே நடவடிக்கைமுறைச் சட்டத்தில 306ஆம் பிரிவு இருக்கு, சின்னக் குற்றம், ஆளின்ர வயது, சுகம், முந்தின நடத்தை எல்லாம் பாத்து குற்றவாளி எண்டு பதியாமலே நிபந்தனையோட விடலாம். இதை நீதவான் ஐயா அம்மாமார் தாங்களா பாவிக்கினம், நல்லது. வழக்கு நடத்துற நீங்களே எழும்பி "இந்த விசயத்துக்கு 306 பொருந்தும், எங்களுக்கு ஆட்சேபனை இல்லை" எண்டு சொன்னா என்ன குறைஞ்சு போகும்? லோயர் வைக்க காசில்லாத ஆளுக்கு அதைச் சொல்லக்கூட தெரியாது. சட்ட உதவி ஆணைக்குழுவில இலவசமா லோயர் எடுக்கலாம் எண்டதும் கன பேருக்குத் தெரியாது, அழைப்பாணையோட அந்த ஒரு வரியையும் சேத்து அனுப்புங்கோ.

இன்னொரு பயம் பொதுச்சொத்துச் சட்டம். 1982ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டத்தில, சேதமோ இழப்போ 25,000 ரூபாவுக்கு மேல எண்டு பொலிஸ் உயரதிகாரி ஒரு சான்றிதழ் குடுத்தா பிணை கிடைக்கிறது லேசில்லை, விதிவிலக்கான காரணம் காட்ட வேணும் எண்டு இருந்தது. முந்தின காலத்தில 25,000 எண்டா பெரிய காசு. மிக வறிய குடும்பத்தின்ர அஸ்வெசும ரெண்டு மாசக் காசு இப்ப அதைத் தாண்டும். பழைய காலத்தில பெரிய களவுக்கு எண்டு கிழிச்ச கோடு ஒண்டு காசின்ர பெறுமதி விழ விழ ஏழையின்ர காலடிக்கு வந்திடும். உதவிப்பண விசயத்தில ஆரையும் இந்தச் சட்டத்துக்க இழுக்கிறதெண்டா சட்டமா அதிபரின்ர அனுமதி இல்லாமல் இழுக்கேலாது எண்டு ஒரு உள் உத்தரவு போடுங்கோ. அந்தச் சட்டம் இருக்க வேண்டியது பெருந்தொகைக்கும், பட்டியலுக்க பேரைச் செருகிற ஆக்களுக்கும்.

ஓம், அவையைப் பற்றியும் கதைக்க வேணும். உண்மையான கள்ளம் எப்பிடி நடக்குது எண்டா, டிப்பர் வச்சிருக்கிற, கடை வச்சிருக்கிற, வட்டிக்கு குடுக்கிற வீடு ஒண்டு பட்டியலில மேல நிக்கும். ஊருக்கே தெரியும். ஆட்சேபனை போடலாம் எண்டு நடைமுறை இருக்கு, ஆனா ஆர் போடுறது? நாளைக்கு அவையிட்டத்தான் கைமாத்து வாங்க வேணும், அவையின்ர ரக்டரில தான் நெல்லு ஏத்த வேணும். இந்த மாதிரி ஆக்களுக்கு எதிரா ஆதாரம் எடுக்கிறது உங்களுக்கு கஸ்டமில்லை, வாகனப் பதிவு இருக்கு, வங்கிக் கணக்கு இருக்கு, வியாபாரப் பதிவு இருக்கு. அங்க எண்ணத்தை நிரூபிக்கவும் கஸ்டமில்லை, ரெண்டு வாகனத்தை மறைச்சவர் மறந்துபோய் மறைச்சிருக்க மாட்டார். அவையளை வழக்கு வையுங்கோ. ஒரு உத்தியோகத்தர் தெரிஞ்சுகொண்டு கையெழுத்து வச்சிருந்தா அவரை முதல் பேராப் போடுங்கோ. எங்கட சனம் கோட்டடியில வந்து சாட்சி சொல்லும், சொல்லப் பயமில்லாத மாதிரி நீங்கள் பாத்துக்கொண்டா.

பிழையாக் கூடக் காசு எடுத்த ஏழைக்கு என்ன செய்யிறது எண்டு கேப்பியள். எழுத்தில தமிழில ஒரு அறிவித்தல் குடுங்கோ, என்ன பிழை எண்டு சொல்லுங்கோ, விளக்கம் தர நாள் குடுங்கோ, கூட எடுத்தது உண்மையெண்டா மாசம் மாசம் கட்டக்கூடிய அளவில திருப்பி எடுங்கோ. பக்கத்து வீட்டோட வேலிச்சண்டை எண்டா கோட்டுக்குப் போகாமல் சமரசம் பேசுற இணக்கசபையில இருந்து கதைக்கலாம், அரசாங்கம் ஒரு பக்கமா நிண்டா அங்க போகேலாது, அதால கோட்டுக்கு முதல் கதைக்க ஒரு இடம் எங்களுக்கு இல்லாமல் கிடக்கு. பிரதேச செயலகத்திலயே மாசத்தில ஒருநாள் அதுக்கு ஒதுக்கலாம்.

இனி மற்ற வழக்குகள். மணல், மரம், மீன், அரிசி விலை. உதவிப்பணத்தில உள்ள அதே நோய் இங்கயும் இருக்கிறதாலதான் ஒரே மடலில எழுதுறன், கடைசியில நிக்கிறவன்தான் பிடிபடுறான்.

1992ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு கீழ பேமிற் (அனுமதிப்பத்திரம்) இல்லாமல் மணல் ஏத்தக்கூடாது. சரி. இரவில டிப்பரில மணல் போறது வன்னியில எல்லாருக்கும் தெரியும், ஆத்துப் பக்கம் காணி இடிஞ்சு விழுறதும் கிணத்தில தண்ணி கீழ போறதும் எங்களுக்குத்தான். பிடிபடுறது ஆர்? சம்பளத்துக்கு ஓடுற பெடியன். அவன் குற்றத்தை ஒத்துக்கொள்ளுவான், ஃபைனை ஆரோ கட்டுவினம், அடுத்த கிழமை அதே வாகனம் ஓடும். மர வழக்கில இன்னும் தெளிவு. வனக் கட்டளைச் சட்டத்தின்ர 40ஆம் பிரிவில வாகனம் பறிமுதல் ஆகலாம், ஆனா உரிமையாளர் "நான் எல்லாக் கவனமும் எடுத்தனான், எனக்குத் தெரியாது" எண்டு நிரூபிச்சா வாகனம் திரும்பக் கிடைக்கும். அந்த வாகன விசாரணை தான் முழு வழக்கின்ரயும் உயிர், அங்கதான் உரிமையாளர் முதல்முறையா கூண்டில ஏறுறார். அங்க குறுக்குக் கேள்வி கேக்கிறதுக்கு தயாரா போங்கோ. சாரதிக்கு சம்பளம் எப்பிடிக் குடுக்கிறார், வாகனம் இரவில எங்க நிக்கிறது, இதே வாகனம் முந்தியும் பிடிபட்டதோ, பிடிபட்ட பிறகும் அதே சாரதியை ஏன் வச்சிருக்கிறார். இந்தக் கேள்விகளை ஒழுங்காக் கேட்டா மரக்கடத்தலில பாதி நிக்கும் எண்டு நான் உறுதியா நம்புறன். அதேநேரம் சைக்கிளில விறகு கட்டிக்கொண்டு வாற கிழவனையும் அந்தச் சட்டத்துக்க நிப்பாட்டினா, சட்டத்தில சனத்துக்கு இருக்கிற மரியாதை தான் போகும்.

கடலிலயும் அப்பிடித்தான். 1996ஆம் ஆண்டு கடற்றொழில் சட்டம் இருக்கு. வெளிச்சம் பாய்ச்சி மீன் பிடிக்கிறதை நிப்பாட்டச் சொல்லி முல்லைத்தீவு மீனவர் 2018இல ரோட்டில இறங்கினவை. பெரிய வள்ளத்தை விட்டுப்போட்டு நந்திக்கடலில முழங்கால் தண்ணியில நிண்டு வலை வீசுற ஆளின்ர வலைக்கண்ணை அளந்துகொண்டு நிண்டா அதை ஆர் நீதி எண்டு சொல்லுவினம்.

அரிசி, தண்ணிப் போத்தில் விலை. நுகர்வோர் அதிகாரசபைச் சட்டத்தை 2021இல திருத்தி, உச்ச விலைக்கு மேல வித்தா தனியாளுக்கு ஆகக் குறைஞ்ச ஃபைன் 100,000, கூடினது 500,000, கொம்பனிக்கு 500,000இல இருந்து 50 லட்சம் எண்டு வச்சவை. பதுக்கிற பெரிய ஆக்களுக்கு அது வேணும், நான் கைதட்டுறன். ஆனா புதுக்குடியிருப்பில பெட்டிக்கடை வச்சிருக்கிற ஒரு அம்மா, மொத்தக்கடையில பில் இல்லாமல் உச்ச விலைக்கு வாங்கின அரிசிக்கு மேல பத்து ரூபா வச்சு விக்கிறா. பிழைதான். அவவின்ர கடையில உள்ள முழுச் சாமானையும் வித்தாலும் அந்தக் குறைஞ்ச ஃபைன் வராது. நீதவான் எவ்வளவு இரக்கப்பட்டாலும் சட்டம் அடிமட்டத்தை கட்டி வச்சிருக்கு, அதால இரக்கமும் புத்தியும் வழக்கு வைக்க முதலே வர வேண்டியிருக்கு, அது உங்கட கையில. கேட்டா பில் குடுக்க வேணும் எண்டதும் அதே சட்டத்தில இருக்கு. அந்த அம்மாவிட்ட "ஆரிட்ட வாங்கினீங்கள்" எண்டு ஒரு கேள்வி கேட்டு, அவவை சாட்சியாக்கி, பில் குடுக்காத மொத்த வியாபாரியை கூண்டில ஏத்துங்கோ. முதல்தரம் எண்டா அவவுக்கு எழுத்தில எச்சரிக்கை காணும்.

இதெல்லாம் செய்ய புதுச் சட்டம் தேவையில்லை. நடவடிக்கைமுறைச் சட்டம் 393ஆம் பிரிவு சட்டமா அதிபருக்கு அதிகாரம் குடுத்திருக்கு, திணைக்களங்களுக்கும் பொலிசுக்கும் குற்ற விசயங்களில தானாவே ஆலோசனை குடுக்கலாம். அந்தப் பிரிவுக்கு கீழ ஒரு வழிகாட்டல் எழுதுங்கோ, உதவிப்பண வழக்குக்கும் இந்தச் சின்னச் சட்ட மீறலுக்கும் எண்டு. ஆதாரம் காணுமோ, பொதுநலனுக்கு வேணுமோ, மேல உள்ள ஆளைத் தேடினதோ, அறிவித்தல் குடுத்ததோ எண்டதை வழக்கு வைக்கிற உத்தியோகத்தர் எழுதி கையெழுத்து வைக்கட்டும், அந்தத் தாள் ஃபைலில இருக்கட்டும், எதிராளி கேட்டா பிரதி குடுக்கட்டும். இப்ப சுயாதீன வழக்குத் தொடுநர் அலுவலகம் ஒண்டு அமைக்கிறது பற்றி கதை நடக்குது. அதை பெரிய அரசியல் வழக்குகளுக்கு மட்டும் எண்டு யோசிக்காமல், நீதவான் கோட்டில நிக்கிற எங்களையும் அதுக்க சேத்து யோசியுங்கோ.

வாக்குமூலம் பற்றி கட்டாயம் சொல்ல வேணும். வடக்குக் கிழக்கில நிர்வாக மொழியும் கோட்டு மொழியும் தமிழ் எண்டு அரசியலமைப்பு 22ஆம், 24ஆம் உறுப்புரைகளிலயே இருக்கு. பிறகும் சிங்களத்தில எழுதின தாளில கையெழுத்து வச்சுப்போட்டு வந்து "என்ன எழுதினவை எண்டு தெரியாது பிள்ளை" எண்டு சொல்லுற ஆக்களை நான் கண்டிருக்கிறன். உதவிப்பண வழக்கில முழு வழக்கும் அந்த ஆள் என்ன சொன்னது எண்டதில தான் நிக்குது. தமிழில எழுதி, வாசிச்சுக் காட்டி, பிரதி குடுக்காத வாக்குமூலத்தை வச்சு வழக்கு நடத்த மாட்டம் எண்டு நீங்களே முடிவெடுங்கோ.

முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் பிரதேச செயலகங்களில எங்கயாவது ஒரு நாள் வந்து இருந்து சனத்தோட கதைக்க உங்களில ரெண்டு பேர் வருவியள் எண்டா, மண்டபத்தையும் ஆக்களையும் மாதர் சங்கங்கள் ஒழுங்கு செய்வம். வர வசதி இல்லையெண்டா பதிலை எழுத்தில தமிழில அனுப்புங்கோ, அறிவித்தல் பலகையில ஒட்டி வாசிக்கத் தெரியாதவைக்கு நாங்கள் வாசிச்சுச் சொல்லுறம்.

இப்படிக்கு,
மாதர் சங்கச் செயலாளர் ஒருவர்,
ஒட்டுசுட்டான் பகுதி, முல்லைத்தீவு மாவட்டம்